அடுப்படி லைட்டுக்கு ஊற்றிய தண்ணீர்

சேசு மரி சூசை துணை

மாதாகோயில் தெரு,
காரிமங்கலம் வழி.
15-5-86

அன்பு மகன் மரியசூசைக்கு அம்மா ஞானமேரி ஆசீர்வாதத்தோடு எழுதுவது.

ராஜமேரி உயிரோடு இருக்கிறாள். அவள் வயிற்றுப் பிள்ளையும் உயிரோடு இருக்கிறது. இந்த இரண்டையும் முதலில் படித்துக்கொண்டு, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, உட்கார்ந்து மற்றதைப் படி. எப்போதும் போல நாங்கள் எல்லோரும் ஆண்டவர் கிருபையால் சுகம், உன் சுகத்துக்குக் கடுதாசி போடு என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். சுகம் என்று எழுதினதும் கை நின்றுவிட்டது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன், இது இரண்டாவது தாள். தந்தி அடிக்கலாம் என்று உன் அப்பா சொன்னார், நான்தான் வேண்டாம் என்றேன். தந்தி என்றால் பிரிப்பதற்குள்ளேயே நீ பாதி செத்துவிடுவாய், அதில் நாலு வார்த்தைக்கு மேல் எழுதவும் முடியாது, நான் சொல்ல வேண்டியதோ நாலு வார்த்தையில் அடங்காது. நடந்து இன்றோடு ஐந்து நாள். இன்னும் எங்கேயாவது குடம் உருளுகிற சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப் போடுகிறது. உன் மனைவிக்குக் கரண்டு அடித்துவிட்டது சூசை. நம் வீட்டிலேயே, என்னால். எப்படி என்று ஒன்றுவிடாமல் எழுதுகிறேன், பாதியில் மடித்து வைத்துவிடாமல் கடைசிவரை படி.

ஈஸ்டர் கழிந்து இரண்டாவது வாரம் ஒரு பெருங்காற்று அடித்ததே, மாங்காயெல்லாம் கொட்டிப்போனது என்று உனக்கு எழுதியிருந்தேனே, அன்றைக்குப் போன கரண்டு திரும்பி வந்தபோது பாதி வீட்டுக்குத்தான் வந்தது. கூடத்தில் டியூப் லைட் எரிகிறது, ரேடியோ பாடுகிறது, மாதா படத்துக்கு மேலே சிவப்பு பல்பு எரிகிறது. உன் கல்யாணத்துக்கு முன்னால் பின்பக்கம் இழுத்துக் கட்டினோமே, அந்த அடுப்படியும் சாமான் அறையும் மாட்டுக் கொட்டகையும் மட்டும் இருட்டு. இது கவர்மெண்டு கரண்டு கட்டு, கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் என்றார் உன் அப்பா. பாதி வூட்டுக்கு மட்டும் கட்டு பண்ற கவர்மெண்டு எந்த ஊர்லங்க இருக்குது என்று கேட்டேன். உனக்கு ஒன்னும் தெரியாது, சும்மா இரு என்று சொல்லிவிட்டு ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டார். மூன்று நாள் இப்படியே போனது. அடுப்படியில் சிம்னி விளக்கு, கூடத்தில் டியூப் லைட், ஒரே வீட்டுக்குள் இரண்டு குடித்தனம் மாதிரி இருந்தது. ராஜமேரி முறத்தைக் கூடத்துக்குத் தூக்கி வந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு திரும்பப் போவாள். கடைசியில் லைன்மேனைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் கம்பத்தில் ஏறிப் பார்த்துவிட்டு, வெளியே எல்லாம் சரியாக இருக்கிறது, கோளாறு வீட்டுக்குள்ளேதான், ஒரு நல்ல வயர்மேனைக் கூப்பிட்டுப் பாருங்கள் என்று முறையாகச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

நல்ல வயர்மேன் என்றால் நம் ஊருக்குச் சந்தை ரோட்டில் மோட்டார் காயில் கட்டுகிற காஜா பாய்தான். ஆனால் அவரைக் கூப்பிட உன் அப்பாவுக்கு மனம் வரவில்லை. பின்கட்டுக்கு லைன் இழுத்தபோது அவர் சொன்ன யோசனையைக் கேட்காமல், இதுகூடவா எனக்குத் தெரியாது என்று உன் அப்பா தானே ஒயரை இழுத்து மாட்டினது உனக்கு நினைவிருக்கும். இப்போது போய் நின்றால் அன்றைக்கு பாய் சொன்னது சரி என்று ஆகிவிடுமே. அதனால் டெஸ்டரை எடுத்துக்கொண்டு தானே ஸ்டூல் மேல் ஏறினார். டெஸ்டர் எரிந்தது, பல்பு எரியவில்லை. அரை நாள் யோசித்துவிட்டு, கரண்டு வருதுடி, வந்த கரண்டு திரும்பிப் போறதுக்குத்தான் வழியில்ல, அதுக்கு நான் மண்ணுல வழி பண்ணித் தரேன் பாரு என்றார். யாரோ பம்பு செட்டில் இப்படிச் செய்ததைப் பார்த்திருக்கிறாராம். நம் பழைய கடப்பாரையை எடுத்துப் போய், ஈரமாக இருக்கிற இடம்தான் நல்லது என்று துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் முழங்கால் உயரம் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி அடித்து இறக்கினார். அடுப்படி ஜன்னல் வழியாக ஒரு ஒயரை விட்டு அதன் கழுத்தில் சுற்றினார். சுவிட்சைப் போட்டதும் பல்பு எரிந்துவிட்டது சூசை. நான் கை தட்டினேன். பக்கத்து வீட்டுச் செல்லியைக் கூட்டி வந்து காட்டி, எங்கூட்டுக்காரரு படிக்காத இஞ்சினீரு என்று பீற்றிக்கொண்டேன். உன் அப்பாவை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ள முடியாது என்பதற்காகத்தான் இதையும் எழுதுகிறேன்.

நாலைந்து நாள் நன்றாக எரிந்தது. பிறகு மங்கத் தொடங்கியது. இந்த வருஷம் கோடை உனக்குத் தெரியாது, கிணற்றில் தண்ணீர் முழங்காலளவுதான் கிடக்கிறது, துணி துவைப்பதே இரண்டு நாளைக்கு ஒரு தரம் என்று ஆகிவிட்டது. துவைக்கிற கல்லடி மண் காய்ந்து வெடித்துப் போனது. மண் காஞ்சா கரண்டுக்கு வழி அடைஞ்சிடும், தினம் சாயங்காலம் ஒரு குடம் தண்ணி கடப்பாரை அடியில ஊத்துங்க என்றார் உன் அப்பா. ஊற்றினால் உண்மையிலேயே பல்பு பளிச்சென்று ஆகும், ஊற்ற ஊற்ற வெளிச்சம் ஏறுவதை அடுப்படிக்குள் நின்று பார்க்கலாம். வேடிக்கையாகக்கூட இருந்தது. அந்த வேலை ராஜமேரியுடையது ஆனது. நான் சொல்லவில்லை, அவளே எடுத்துக்கொண்டாள், ஆனால் வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. ஆறு மணி ஆனதும் ஏழு மாத வயிற்றோடு பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் ஊற்றிவிட்டு, அத்தெ, லைட்டு நல்லா எரியுதுங்களா என்று அங்கிருந்தே குரல் கொடுப்பாள். எரியுது வா என்று நான் உள்ளேயிருந்து சொல்வேன். இது எங்களுக்குத் தினப்படி வழக்கமாகிவிட்டது.

இனிமேல் எழுதப் போவதுதான் என் நெஞ்சை அறுக்கிறது. ஒரு வாரம் போனதும் அவள் என்னிடம் வந்து, அங்க தண்ணி ஊத்தறப்ப காலெல்லாம் விறுவிறுங்குதுங்க அத்தெ என்றாள். மாசமா இருக்கறவளுக்குக் கால்ல நீர் கோத்துக்கும், விறுவிறுங்கத்தான் செய்யும், நான் உம்புருசனைச் சுமந்தப்ப எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு என்றேன். வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைத்துக்கொள்ளச் சொன்னேன், அவளும் வைத்துக்கொண்டாள். இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் வந்து, இல்லீங்கத்தெ, மத்த எடத்துல ஒன்னுமில்ல, அங்க நின்னா மட்டும்தானுங்க என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். அதற்கு மேல் ஒரு மருமகள் எப்படித்தான் சொல்வாள்? நான் உடனே போய் அந்த இடத்திலேயே, ஈரத்திலேயே, கடப்பாரைக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பாரு, நானும் நின்னேன், ஒன்னுமில்ல, எல்லாம் உம் மனசுதான் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். வேலை செய்யச் சோம்பல்படுகிறாளோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். மறைக்காமல் எழுதுகிறேன், நினைத்தேன். அவள் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நம் வெள்ளைப் பசு அந்தப் பக்கத்துத் தொட்டியில் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்று நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றது. செல்லி கண் பட்டுவிட்டது என்றாள், நான் மிளகாய் சுற்றிப் போட்டு, கோயில் தீர்த்தமும் தெளித்தேன். வாயில்லாத மாட்டுக்குச் செய்ததில் பாதியைக்கூட வாய் திறந்து சொன்னவளுக்கு நான் செய்யவில்லை.

போன சனிக்கிழமை. மறுநாள் பூசை முடிந்ததும் ராஜமேரியின் அப்பா அம்மா ஏரியூரிலிருந்து வருவதாக இருந்தது, வளைகாப்புக்கு நாள் பார்த்துவிட்டு அவளைப் பிரசவத்துக்கு அழைத்துப் போகிற பேச்சுப் பேச. உண்மையில் ஏழாம் மாதம் பிறந்ததுமே அவர்கள் கேட்டார்கள். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று தள்ளினது நான்தான், கையாள் இல்லாமல் எனக்கு முடியாது என்று. சம்பந்தி வீட்டார் வருகிறார்களே, அவர்கள் சீராகக் கொடுத்த மிக்ஸி பரண் மேலேயே கிடக்கிறது, அதை இறக்கி வைத்து அதிலேயே மசால் அரைத்துக் கோழிக் குழம்பு வைத்தால் மரியாதையாக இருக்கும் என்று எனக்கு ஒரு யோசனை. அதுவரைக்கும் அம்மியில்தான் அரைத்துக்கொண்டிருந்தோம். மே மாதம் மாதா வணக்க மாதம் என்பதால் உன் அப்பா ஜெபமாலைக்குக் கோயிலுக்குப் போயிருந்தார். ராஜமேரி வழக்கம்போலக் குடத்தோடு பின்பக்கம் போய் ஊற்றிவிட்டு, அத்தெ, லைட்டு நல்லா எரியுதுங்களா என்றாள். நான் மிக்ஸியில் தேங்காயையும் மிளகாயையும் போட்டுச் சுவிட்சைத் தட்டினேன். பல்பு சுருங்கிப் போய்ச் சிவந்தது, மிக்ஸி ஓடாமல் முனகியது. சுவிட்சை அணைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. தண்ணீர் பற்றவில்லை என்றுதான் தோன்றியது. பத்தலம்மா, இன்னொரு குடம் ஊத்து என்று கத்தினேன். சரிங்கத்தெ என்று அவள் சொன்னதும் கேட்டது, தொட்டியில் குடத்தை முக்குகிற சத்தமும் கேட்டது. பிறகு ஒரு சத்தம் வந்தது பார், அது கூப்பிடுவதும் இல்லை அழுவதும் இல்லை, மனுஷ வாயிலிருந்து அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே கிடையாது.

ஓடினேன். ஓடின ஓட்டத்தில் ஒரு செருப்பு அடுப்படி வாசலிலேயே கழன்றுவிட்டது. அவள் ஈரத்தில் ஒருக்களித்துக் கிடக்கிறாள், குடத்தின் வாய் கடப்பாரை மேல் சாய்ந்திருக்கிறது, அவள் விரல் குடத்தை விடாமல் பிடித்திருக்கிறது, கை மட்டும் வெட்டி வெட்டி இழுக்கிறது. தோளைத் தொட்டேன். என்னைத் தூக்கிப் பின்னால் உட்கார வைத்தது. அப்போதுதான் சூசை, அந்த ஒரு நொடியில்தான், விறுவிறுங்குது என்று அவள் இரண்டு தரம் வந்து சொன்னது என்ன என்று என் உடம்புக்குப் புரிந்தது. திரும்ப அவளைத் தொடாமல் கூடத்துக்கு ஓடி மெயின் சுவிட்சை இழுத்து இறக்கினேன். அந்தப் புத்தியை யார் கொடுத்தாரோ தெரியாது, மாதாதான் கொடுத்திருக்க வேண்டும். வீடு முழுக்க இருட்டாகி மிக்ஸியின் முனகல் நின்றது, பின்பக்கம் குடம் உருண்டு கல்லில் மோதுகிற சத்தம் கேட்டது. செல்லி சுவர் ஏறிக் குதித்து வந்தாள். அவள் வீட்டுக்காரர் நஞ்சப்பன் தக்காளிக் கூடையெல்லாம் கீழே தள்ளிவிட்டு வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். தர்மபுரி போய்ச் சேருகிற வரைக்கும் அவள் தலை என் மடியில் இருந்தது. கண் திறக்கவில்லை, மூச்சு மட்டும் இருந்தது. நான் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டே இருந்தேன். எப்போதும் உதைத்துக்கொண்டே இருக்கிற பிள்ளை வழி முழுக்க அசையவே இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வயிற்றில் குழலை வைத்துக் காதைக் கொடுத்தார். ஒரு இடத்தில் வைத்தார், எடுத்தார், வேறு இடத்தில் வைத்தார், யாரும் பேசாதீர்கள் என்று கையைக் காட்டினார். எத்தனை நேரம் என்று தெரியாது, தலையைத் தூக்கி, இருக்கு என்று ஒரே சொல் சொன்னார். நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அதற்கப்புறம் ஊசி போட்டு, வலது உள்ளங்கையில் வெந்துபோன இடத்துக்கு மருந்து கட்டினார்கள், இடது பாதத்திலும் ஒரு காசளவுக்குக் கருகியிருந்தது. ரொம்ப நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தாள். மேலே ஆஸ்பத்திரி லைட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அத்தெ, லைட்டு நல்லா எரியுதுங்களா என்று கேட்டாள். எரியுதும்மா என்று சொல்லிவிட்டு வெளியே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் அப்பா அதற்குள் பஸ் பிடித்து வந்து அங்கே நின்றுகொண்டிருந்தார், ஜெபமாலை கையிலேயே இருந்தது.

திங்கட்கிழமை காலையில் உன் அப்பா தானாகவே போய் காஜா பாயைக் கூட்டி வந்தார். நானும் மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்திருந்தேன். பாய் ஸ்டூல் போட்டு ஏறி, அடுப்படி வாசலுக்கு மேலே உன் அப்பா மாட்டின மரப்பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு திருகாணி ஆட்டம் கண்டிருந்தது, கரண்டு திரும்பிப் போகிற ஒயர் அதிலிருந்து நழுவி நின்றது. ஒயரைச் செருகி, திருகாணியை நாலு திருகு திருகினார். அவ்வளவுதான். நான் அவருக்குக் காப்பி போட அடுப்பைப் பற்ற வைப்பதற்குள் வேலை முடிந்து இறங்கிவிட்டார். பின்பக்கம் மூன்று பல்பும் எரிகிறது. ஒரு திருகாணிக்காக மூன்று வாரம் அவளை அங்கே நிற்க வைத்திருக்கிறோம். பாய் பின்னால் போய்க் கடப்பாரையைப் பார்த்துவிட்டு, வந்த கரண்டு இன்னொரு கம்பி வழியாத்தான் திரும்பிப் போவணும்ணே, நீங்க அதுக்கு மண்ணுல வழி வெட்டிட்டீங்க, அந்த வழியில உங்க வூட்டுப் பொண்ணு நின்னுருக்குது என்றார். பல்பு மட்டும் எரிந்தவரைக்கும் கால் விறுவிறுத்ததோடு போனதாம், மிக்ஸியைப் போட்டதும் மொத்தக் கரண்டும் கடப்பாரைக்கு இறங்கிவிட்டதாம். உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார், அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. நான் விடவில்லை. நானும் அதே எடத்துல நின்னு பாத்தேனுங்க பாய், எனக்கு ஏன் ஒன்னும் தெரியல என்று கேட்டேன். அவர் என் காலைப் பார்த்தார். அன்னிக்கும் இந்தச் செருப்புதான் போட்டிருந்தீங்களா அக்கா என்று கேட்டார்.

போன வருஷம் பித்தவெடிப்புக்காக நீ பம்பாயிலிருந்து வாங்கி வந்து கொடுத்த ரப்பர் செருப்புதான். வீட்டிலேயும் போட்டுக்கொள்ளம்மா, காலுக்கு நல்லது என்று நீ சொன்னதால் அடுப்படியில்கூட அதைக் கழற்றுவதில்லை. மாமனார் மாமியார் இருக்கிற வீட்டில் செருப்புப் போட்டு நடப்பது மரியாதை இல்லை என்று ராஜமேரி வெறுங்காலோடு நடந்தாள். இப்படி ஒரு மரியாதையை நான் அவளிடம் கேட்கவில்லை, ஆனால் வாங்கிக்கொண்டேன். நீ இதை நினைத்து மருகாதே. நீ கொடுத்தது நல்லதுக்குத்தான். அதைப் போட்டுக்கொண்டு நின்று பார்த்துவிட்டு அவள் பேச்சைத் தள்ளினது நான்.

ஞாயிற்றுக்கிழமையே சம்பந்தி வீட்டார் வந்து, பூட்டின வீட்டைப் பார்த்துவிட்டு, செல்லி சொல்லி ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்கள். துவைக்கிற கல்லுல வழுக்கி விழுந்துட்டேன், கை அடுப்புல பட்டது வேற என்று ராஜமேரி அவர்களிடம் சொல்லிவிட்டாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பேசாமல் இருந்துவிட்டேன், இரண்டு நாள் அந்தப் பொய்க்குள் சௌகரியமாக உட்கார்ந்திருந்தேன். திங்கட்கிழமை செருப்பு விஷயம் தெரிந்த பிறகு முடியவில்லை. செவ்வாய்க்கிழமை சம்பந்தியம்மாவை ஆஸ்பத்திரி வாசலுக்குக் கூட்டிப் போய், கடப்பாரையிலிருந்து இன்னொரு குடம் ஊத்து என்று கத்தினது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன், திட்டினால் எனக்கும் ஆறியிருக்கும். அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்க வூட்டுல கரண்டே இல்லீங்க, எம்பொண்ணு அங்கயே பெத்துக்கட்டும் என்று மட்டும் சொன்னார்கள். நேற்று டாக்டரம்மா, பிள்ளை நன்றாக அசைகிறது, கட்டை மட்டும் மாற்றிக்கொண்டு இருங்கள், வாரம் ஒரு தரம் வந்து காட்டுங்கள் என்று அனுப்பினார். அப்பா அம்மாவோடு ஏரியூர் பஸ் ஏறும்போது ராஜமேரி கட்டுப் போட்ட கையால் என் கையைப் பிடித்து, வருத்தப்படாதீங்கத்தெ என்றாள். வளைகாப்பு வளையலை அந்தக் கைக்கு எப்படிப் போடுவது என்றுதான் எனக்கு நினைப்பு ஓடியது.

மற்றபடி உன் தங்கை புஷ்பமேரிக்குப் பரீட்சை முடிந்து அடுத்த வாரம் வருகிறாள். கிணற்றைத் தூர் வார ஆள் சொல்லியிருக்கிறது. பசு தொட்டியில் தண்ணீர் குடிக்கிறது. கடப்பாரையை உன் அப்பா பிடுங்கி எங்கேயோ கொண்டுபோய்ப் போட்டுவிட்டார், எங்கே என்று நான் கேட்கவில்லை. அவருக்கு நீ கோபமாக எதுவும் எழுதிவிடாதே, மனுஷர் சரியாகச் சாப்பிட்டு ஐந்து நாள் ஆகிறது, ரேடியோவைத் தொடவே இல்லை. வீடு முழுக்க நன்றாக எரிகிறது. நான் செருப்பைக் கழற்றிப் பரண் மேல் மிக்ஸிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன், பின்பக்கம் வெறுங்காலோடுதான் போகிறேன். உன் ரூமில் பாதி லைட் எரிந்து பாதி எரியவில்லை என்றால் நீயாக எதையும் பிரித்துப் பார்க்காமல் தெரிந்த ஆளைக் கூப்பிடு. பிள்ளை பிறந்து அவள் உடம்பு தேறினதும், இங்கே வருவதா, உன்னோடு பம்பாய்க்கு வருவதா என்று அவளையே கேள். போன வருஷம் அவளை அனுப்ப மாட்டேன் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். இனி ஒரு வார்த்தை குறுக்கே சொல்ல மாட்டேன்.

சேசுவும் மாதாவும் உன்னையும் அவளையும் கண் திறக்காத அந்தச் சின்னதையும் நிழல்போலக் காத்து நடத்தட்டும். வேளைக்குச் சாப்பிடு, ஞாயிறு பூசையை விடாதே. ஒன்று மட்டும் மறக்காதே. எனக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் ஏரியூருக்கு ராஜமேரி பேருக்குத் தனியாக ஒரு கடுதாசி போடு. உடம்பு எப்படி இருக்கிறது, கால் எப்படி இருக்கிறது என்று முதல் வரியிலேயே கேள். அவள் என்ன எழுதினாலும் அதை அப்படியே நம்பு. நான் நம்பவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
ச. ஞானமேரி